மேனரிசம்: ஒரு வசைச்சொல்லும் சில தூண்களும்

சென்னையிலிருந்து கோம்பைக்கு வந்த கவிஞ நண்பர் ஒருவர், வருகிற வழியில் திண்டுக்கல்லில் இறங்கித் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மேற்குமலை இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியிருந்தது கோயில் என்று கேட்டேன். “நல்ல கைவேலை. ஆனால் வெறும் மேனரிசம்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. இதே சொல்லை இதே தொனியில் அவர் வேறு கவிஞர்களின் தொகுப்புகளைப் பற்றியும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குத்தான் முடியவில்லை. அவர் போன பிறகும் பல நாட்கள் அந்தச் சொல் என்னோடு இருந்தது.

நம் வட்டத்தில் மேனரிசம் என்றால் தன்னையே திரும்பச் செய்துகொண்டிருப்பது. சரக்கு தீர்ந்த பிறகும் கை ஓடிக்கொண்டிருப்பது. மோஸ்தர் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்துச் சொல். (மோஸ்தர் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல் என்பார்கள். அதுவும் அந்தக் காலத்துச் சரக்குத்தான்.) ஆனால் இந்த வசைக்கு ஒரு வரலாறு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் வஸாரி ‘மனியேரா’ என்று எழுதியபோது அது பெரும்பாலும் பாராட்டு. கலைஞனின் கைப்பாங்கு, தேர்ச்சி. 1672-ல் பெல்லோரி எழுதும்போது அதுவே நோயின் பெயராகிவிட்டது: இயற்கையைப் பார்ப்பதை விட்டு, முன்னோரின் கையைப் பார்த்து வரைந்தவர்கள். ராஃபேல் 1520-ல் இறந்ததிலிருந்து பரோக் தொடங்கும் வரை இடைப்பட்ட எழுபது எண்பது வருஷத்தை ஐரோப்பியர்கள் இருநூறு வருஷத்துக்கும் மேலாக இறங்குமுகம் என்றே படித்தார்கள். முதல் உலகப்போரை ஒட்டிய வருஷங்களில்தான் வால்ட்டர் ஃப்ரீட்லாண்டரும் மாக்ஸ் த்வோர்ஷாக்கும் அதை மறுபடி திறந்தார்கள். 1920-ல் எல் கிரேகோவைப் பற்றி த்வோர்ஷாக் பேசியபோது, அவருடைய வியன்னாவும் ஒரு சாம்ராஜ்யம் சரிந்த ஊராக இருந்தது.

இதே பிறப்பு–இளமை–மூப்புக் கணக்கு நம்மிடமும் வந்து சேர்ந்தது. 1876-ல் ஃபெர்குஸன் இந்தியக் கட்டடக்கலையை எழுதியபோது, இந்தியக் கலையின் சரித்திரமே தேய்மானத்தின் சரித்திரம் என்ற நினைப்போடுதான் எழுதினார். ழூவோ துப்ராய் பல்லவர், சோழர், பாண்டியர், விஜயநகரம், மதுரை என்று அடுக்கிக் கொடுத்தார். அடுக்கு நேர்மையானது. ஆனால் அதன் மேல் நாம் சரிவுக்கோடு ஒன்றைப் போட்டுக்கொண்டோம். மாமல்லபுரம் விடியல், தஞ்சாவூர் உச்சி, மதுரை அந்தி. இலக்கியத்திலும் அதே கோடு: சங்கம், பக்தி, கம்பன், பிறகு சிலேடையும் மடக்கும் சித்திரகவியும் சிற்றிலக்கியமும். ‘மாறனலங்கார’த்தை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? திறக்காமலே அது சீரழிவு என்று தெரிந்துவைத்திருக்கிறோம். பழைய பண்டித மரபை மறுத்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், இந்த ஒரு விஷயத்தில் பண்டிதர்களின் பாடப்புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, வசையாக ஆவதற்கு முன் அது என்னவாக இருந்தது? நான் பொந்தோர்மோவின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ என்ற படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஃப்ளாரன்ஸில் ஸாந்தா ஃபெலிசிதா கோயிலில், காப்போனி குடும்பத்தின் சிறு கூடத்தில் 1525-லிருந்து 1528 வரை வரைந்தது. மூன்று வருஷம் கூடத்தை மறைத்து அடைத்துக்கொண்டு, யாரையும் உள்ளே விடாமல் வரைந்தார் என்று வஸாரி குறைப்பட்டுக்கொள்கிறார். நான் பார்த்திருப்பது அச்சுப்படத்தில்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (பொந்தோர்மோவே ட்யூரரின் அச்சுப்படங்களைப் பார்த்துத் தன் கோட்டை மாற்றிக்கொண்டவர். ஜெர்மானியக் கை பிடித்துவிட்டது என்று அதற்கும் வஸாரியிடம் திட்டு வாங்கினார்.) படத்தின் பெயர் இறக்குதல். ஆனால் சிலுவை இல்லை. ஏணி இல்லை. குன்று இல்லை, கல்லறை இல்லை. ஒரு துண்டு மேகம் மட்டும். பதினோரு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலேறும் கொத்துப்போல. கிறிஸ்துவின் சடலத்தைத் தாங்குகிற இளைஞன் குதிகாலைத் தூக்கி, விரல்நுனியில் குந்தியிருக்கிறான். ஒரு ஆணின் முழுப் பாரமும் தோளில் இருக்க அப்படிக் குந்த முடியாது. அவன் முகம் நம்மைப் பார்க்கிறது. சுமையின் வலி அதில் இல்லை, என்ன செய்வதென்று தெரியாத கலக்கம் இருக்கிறது. நிறங்கள் ரோஜா, வெளிர்நீலம், பச்சை. துக்கத்துக்கு யாரும் எடுக்காத நிறங்கள். சிலருக்கு உடையே இல்லை, தோலே நிறமாகிவிட்டிருக்கிறது.

கைவேலை தெரியாமல் வந்த பிழையா இது? மனித உடம்பு எப்படி நிற்கும் என்று அந்த ஊர்ப் பட்டறைப் பையன்களுக்கே தெரியும். பாரத்தை வேண்டுமென்றே எடுத்திருக்கிறார். ஏன் என்பதற்குப் படம் இருக்கும் இடத்தைக் கேட்க வேண்டும். கீழே பீடம் இருக்கிறது. பூசையில் அப்பம் உடலாகிற இடம். அந்தச் சடலம் கல்லறைக்குப் போகவில்லை, பீடத்தை நோக்கி, பூசை காண நிற்பவர் பக்கமாக இறக்கப்படுகிறது என்று சிலர் வாதித்திருக்கிறார்கள். அச்சுப்படத்தைப் பார்த்தே அது சரியென்று எனக்குப் படுகிறது. 1525-ல் இது சாதாரண விஷயமில்லை. லூதர் எழுந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஸூரிக்கில் 1524-ல் கோயில்களிலிருந்து படங்களையும் சுரூபங்களையும் இறக்கிவிட்டார்கள். அப்பத்தில் உடல் இருக்கிறதா, அல்லது நினைவுக்கு மட்டுமா என்று சீர்திருத்தக்காரர்களே தங்களுக்குள் முட்டிக்கொண்டிருந்தார்கள். உடம்புக்கு எடை உண்டா என்பது அந்த வருஷங்களில் வெறும் ஓவியப் பிரச்சினையாக இருக்கவில்லை.

படம் முடிவதற்குள், 1527 மே 6-ந் தேதி, ஐந்தாம் சார்லஸின் கூலிப்படை ரோமுக்குள் புகுந்தது. சம்பளம் கிடைக்காத படை; அதில் லூதர் பக்கத்து ஜெர்மானியர் நிறைய. போப் கோட்டைக்குள் ஒளிந்துகொண்டார். ரோஸ்ஸோ பிடிபட்டு அவமானப்பட்டார். பார்மிஜியானினோ வரைந்துகொண்டிருந்த அறைக்குள் சிப்பாய்கள் நுழைந்து, படத்தைப் பார்த்து வியந்து, அவரை வரையவிட்டுப் போனார்கள் என்று வஸாரி ஒரு கதை சொல்கிறார். கதை உண்மையோ பொய்யோ, ஊர் எரிகிறபோது தூரிகையை வைக்காத கை என்ற சித்திரம் மேனரிசத்துக்கு எதிரான குற்றச்சாட்டாகவும் ஆகும், அதன் தரப்பு வாதமாகவும் ஆகும். அதே பார்மிஜியானினோ பிறகு அந்த நீண்ட கழுத்து மாதாவை வரைந்தார். 1540-ல் சாகும்வரை முடிக்கவில்லை. மடியிலிருக்கும் குழந்தை தூங்குகிறதா, செத்துக்கிடக்கிறதா என்று சொல்ல முடியாமல் சரிந்து கிடக்கிறது. பின்னாலிருக்கும் தூண் எதையும் தாங்கவில்லை.

இதைப் படிப்பதில் இரண்டு கட்சிகள். ஆர்னால்ட் ஹௌஸர் 1964-ல் எழுதிய பெரிய புத்தகத்தில், மேனரிசம் நவீன மனிதனின் முதல் நெருக்கடி, அந்நியமாதலின் கலை என்றார். மூன்று வருஷம் கழித்து ஜான் ஷீர்மன் எழுதிய சின்னப் புத்தகம் கிட்டத்தட்ட அதைக் கேலி செய்தது: நெருக்கடியுமில்லை, அலறலுமில்லை, இது நளினத்தின் கலை, அரண்மனைக்காரர்கள் ரசித்த சிரமமான அழகு. நம் சிறுபத்திரிகைகளில் ஹௌஸருக்குத்தான் செல்வாக்கு. எழுபதுகளில் அந்நியமாதல் என்ற சொல் நமக்கு ஒரு ஊன்றுகோல். எதன் மேலும் அதை ஊன்றிக்கொள்வோம். நானும் ஊன்றியவன்தான். இப்போது படித்தால் ஹௌஸர் தன் நூற்றாண்டின் காய்ச்சலைப் பொந்தோர்மோவின் நெற்றியில் தொட்டுப் பார்க்கிறார் என்று தோன்றுகிறது. ஷீர்மனுக்கு வேலைகள் தெரியும், கல்லும் சாயமும் தெரியும். ஆனால் அந்தக் குந்தியிருக்கும் பையனின் முகம் அவருடைய நளினத்துக்குள் அடங்குமா? அடங்காது. இரண்டு பேருமே விட்டுவிட்ட கேள்வி என்று எனக்குப் படுவது இது: விசுவாசத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு உருவம், அந்த விசுவாசத்திலிருந்து கழன்று தனியே நிற்க முடியுமா? நின்றால் அது என்ன?

திருச்சபைக்கு இந்தக் கேள்வி தெளிவாகவே தெரிந்திருந்தது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563 டிசம்பரில், கலைவதற்கு முந்திய கடைசி அமர்வில், படங்களைப் பற்றித் தீர்மானம் போட்டது. படம் இருக்கலாம், வணங்கலாம். ஆனால் காமம் தூண்டும் அழகு கூடாது, வழக்கத்தில் இல்லாத உருவத்தை ஆயரின் ஒப்புதலின்றி வைக்கக்கூடாது. அடுத்த மாதமே மைக்கலாஞ்சலோவின் ‘இறுதித் தீர்ப்பு’க்குத் துணி போட முடிவாயிற்று. பிப்ரவரியில் அவர் இறந்தார். அவருடைய சீடர் தானியேலே தா வொல்தேர்ரா சாரம் கட்டி ஏறி நிர்வாணங்களுக்கு இடுப்புத்துணி வரைந்தார். கால்சட்டைக்காரன் என்ற பட்டப்பெயர்தான் அவருக்குச் சரித்திரத்தில் மிச்சம். 1573-ல் வெனிஸில் வெரொனீஸைக் கூப்பிட்டு, கடைசி இராவிருந்தில் கோமாளிக்கும் ஜெர்மானியச் சிப்பாய்க்கும் என்ன வேலை என்று விசாரித்தார்கள். கவிஞர்கள் எடுக்கும் சலுகையை நாங்களும் எடுக்கிறோம் என்று அவர் பதில் சொன்னார். பிறகு படத்தைத் திருத்தாமல் தலைப்பை மாற்றி வைத்துவிட்டார். எல்லாக் காலத்துக் கலைஞர்களும் கற்றுக்கொள்ள வேண்டிய உபாயம்.

இனி நம் பக்கம். தாடிக்கொம்பைப் பிறகு சொல்கிறேன், முதலில் கிருஷ்ணாபுரம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற பாதையில் இருக்கும் வேங்கடாசலபதி கோயில், விசுவநாத நாயக்கரின் மகன் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தது. அங்கே ஒரு தூணில் குறவன் ஒருவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். விலாவெலும்புகள் வரிவரியாக எழும்பி நிற்கின்றன. மேலே நகையும் மடிப்புமாக அவள். கீழே உழைத்து இறுகிய மலைக்காரன் உடம்பு. இதற்குப் புராணம் கிடையாது. பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் குறவனும் ராஜகுமாரியும்.

கிட்டத்தட்ட அதே காலம், 1583-ல், ஃப்ளாரன்ஸ் சதுக்கத்து மண்டபத்தில் ஜாம்போலோன்யாவின் சலவைக்கல் சிலை திறக்கப்படுகிறது. ஒருவன் ஒருத்தியைத் தூக்குகிறான், காலடியில் ஒரு கிழவன் ஒடுங்குகிறான். பாம்புபோலச் சுருண்டு எழும்பும் மூன்று உடம்புகள். அதற்கும் கதை இல்லாமல்தான் சிற்பி தொடங்கினார். ஸபைன் பெண்களைக் கவர்ந்தது என்ற பெயர் பிறகு ஒட்டப்பட்டது. தூக்குதல், எடை, முறுக்கு, ஒரே கல். இதுதான் பிரச்சினை, கதை பிறகு. இந்த இடத்தில் என் நண்பர் சொன்னது சரி. இரண்டுமே மேனரிசம்தான், அந்தச் சொல்லின் பழைய அர்த்தத்தில்: கை தன் திறத்தைத் தானே பார்க்க விரும்பிய காலம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஜாம்போலோன்யாவின் சிலைக்கு முகப்பு இல்லை. சுற்றிவர வேண்டும், எங்கே நின்றாலும் அடுத்த இடத்துக்குத் தள்ளும். குறவனைச் சுற்ற முடியாது. அவன் முதுகைத் தூண் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிற்பி கல்லைப் பின்னாலும் பக்கத்திலும் எவ்வளவு தூரம் குடைந்து கழற்ற முடியுமோ அவ்வளவு கழற்றிவிட்டார், கடைசி ஒட்டை விடவில்லை. அந்தத் தூண் கூரையைத் தாங்குகிறது. கூரைக்குக் கீழே உற்சவமூர்த்தி வருகிறார். கழலுவதற்கும் கழலாததற்கும் நடுவிலான அந்த இழுபறியில்தான் நாயக்கர் சிற்பத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சோழர் சிற்பம் பெரும்பாலும் கோஷ்டத்தில் இருக்கிறது. கருவறைச் சுவரில் பிறை போன்ற இடம், அதற்குள் ஒரு உருவம். வலம் வருகிறவர் நிற்கிறார், பார்க்கிறார், நகர்கிறார். உருவத்துக்கு அவசரமில்லை. விஜயநகர, நாயக்கர் காலத்தில் கோயில் வெளிப்பக்கமாக வளர்கிறது. பிராகாரம், ஆயிரங்கால், கல்யாண மண்டபம், வசந்த மண்டபம். தெய்வம் உள்ளேயிருந்து புறப்பட்டு வந்து வெளியே தங்குகிற நாட்கள் பெருகுகின்றன. உருவம் சுவரை விட்டுத் தூணுக்கு வருகிறது, தரையோடு தரையாக, ஆளைவிடப் பெரிதாக. நீங்கள் இரண்டு வரிசைக்கு நடுவில் நடக்கிறீர்கள். வீரபத்திரனின் முழங்கால் உங்கள் தோளுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டம், தீவட்டி, மேளம், இதற்கு நடுவில் நெருக்கித் தள்ளப்பட்டுப் பக்கவாட்டில் கடந்து போகிறவனின் கண்ணுக்காகச் செய்தது அந்த முறுக்கு. நேராக நின்று அமைதியாகப் பார்த்துவிட்டு ‘மிகை’ என்று சொல்கிற நாம்தான் இடம் தப்பி நிற்கிறோம்.

மதுரைப் புதுமண்டபத்தில் இது உச்சம். திருமலை நாயக்கர் (1623–1659) மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே வசந்த உற்சவத்துக்காகக் கட்டியது, 124 தூண். அண்மைக்காலம்வரை தையல்காரர்களும் பாத்திரக்கடையும் பாடப்புத்தகக் கடையும் அடைத்துக்கொண்டிருந்ததால் ஊர்த்துவ தாண்டவரைத் துணிக்கட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அங்கே கவனிக்க வேண்டியது தெய்வங்களை அல்ல. நடுவழித் தூண்களில் நாயக்க மன்னர்கள் பத்துப்பேர், விசுவநாதர் முதல் திருமலை வரை, மனைவிமாரோடு நிற்கிறார்கள். கைகூப்பி, தொப்பை தெரிய, நேராக, அசையாமல். சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்குகிறார், காளி சுழல்கிறாள், இராவணன் மலையை அசைக்கிறான். அரசர் மட்டும் ஆடாமல் நிற்கிறார். பழைய சிற்பத்தில் தெய்வம் நிற்கும், உலகம் ஆடும். இங்கே அது மாறிவிட்டது. பார்க்கப்படுகிறவராகத் தெய்வமும், பார்த்து அனுபவிக்கிறவராக அரசரும்.

இதன் பின்னாலிருக்கும் அரசியலை வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 1992-ல் வெளியிட்ட புத்தகத்தில் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. என் ஊரை வைத்துச் சொல்கிறேன். 1565 ஜனவரியில் தலைக்கோட்டையில் விஜயநகரம் உடைந்தது. ரோமுக்கு 1527 எப்படியோ அப்படி இங்கே 1565 என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பொய். மதுரைக்கு அந்தத் தோல்வி விடுதலை. மேலே இருந்த ராயர் பெயரளவுக்கு ஆகிவிட, சேனாபதிகளாக வந்தவர்கள் அரசர்களானார்கள். அவர்களுக்குக் கீழே பாளையங்கள். கன்னடம் பேசும் பாளையக்காரரோடு கோம்பையும் அதில் ஒன்று. எங்கள் ஊர்ப் பெருமாளுக்குத் திருமலைராயப் பெருமாள் என்று பெயர். பத்துப்பன்னிரண்டு மைலுக்குள் கம்பத்தில் கம்பராயப் பெருமாள். ராயர் பெருமாளாகிறாரா, பெருமாள் ராயராகிறாரா என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாமல் இருப்பதுதான் அந்த அரசியல். பரம்பரைச் சூரிய சந்திர வம்சம் இல்லாத புது ஆட்கள் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, காட்டுவதற்கு மண்டபம் வேண்டியிருந்தது. அந்த மண்டபத்துக்குள் குறவனும் குறத்தியும் நுழைந்துவிட்டார்கள். பின்னால் குறவஞ்சி என்று ஒரு பிரபந்தமே வந்தது. பார்மிஜியானினோவின், ப்ரோன்ஸினோவின் நளினம் அரண்மனைக் கதவைச் சாத்திக்கொண்டது. இங்கேயுள்ள மோஸ்தர் கதவைத் திறந்துவிட்டது. இதை ‘சீரழிவு’ என்று சொல்கிறவர் எதன் சீரழிவு என்று சொல்ல வேண்டும்.

இப்போது தாடிக்கொம்பு. பெருமாள் கோயில்; ஆனால் மண்டபத் தூண்களில் உலகளந்தவனோடும் நரசிம்மனோடும் சேர்ந்து அகோர வீரபத்திரனும் ஊர்த்துவ தாண்டவனும் காளியும் இருக்கிறார்கள், ரதியும் மன்மதனும் இருக்கிறார்கள். கிருஷ்ணாபுரத்துப் பெருமாளிடமும் வீரபத்திரன் உண்டு. அதாவது இந்த உருவங்கள் ஒரு தொகுதியாகக் கோயிலுக்குக் கோயில், சைவ வைஷ்ணவ எல்லை தாண்டிப் பயணம் செய்திருக்கின்றன. சைவன் வைஷ்ணவன் சண்டைக்குக் குறைவில்லாத காலம் அது. ஆனாலும் சிற்பிகள் கையில் உருவம் சமயத்தைவிட்டுக் கொஞ்சம் கழன்றிருக்கிறது. திரெந்துத் தீர்மானத்தைப் போட்ட ஆயர்கள் பார்த்திருந்தால் பீதியடைந்திருப்பார்கள்.

அந்த ஆயர்களின் உலகத்திலிருந்தே ஒருவர் வந்து இதே முடிச்சில் மாட்டிக்கொண்டதுதான் வினோதம். ராபர்ட் தெ நோபிலி, 1577-ல் பிறந்த இத்தாலியர். ரோமில் திரெந்துக்குப் பிந்திய கட்டுப்பாட்டில் வளர்ந்த சேசுசபைக்காரர். 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி, குடுமி, பூணூல், சந்தனம். இவை மதக்குறிகள் அல்ல, வெறும் சமூக அலங்காரம். இவற்றை வைத்துக்கொண்டே ஒருவன் கிறிஸ்தவனாகலாம் என்பது அவர் வாதம். தன் ஊரில் ஒரு சிப்பாயின் தொப்பிக்குக்கூட வேத அர்த்தம் கேட்ட சபையிடம், உருவத்தைப் பொருளிலிருந்து கழற்றலாம் என்று வாதாடினார். 1619-ல் கோவாவில் கூடிய சபையில் பலத்த எதிர்ப்பு. 1623-ல் போப் பதினைந்தாம் கிரெகோரி அனுமதி கொடுத்தார். திருமலை பட்டத்துக்கு வந்த அதே வருஷம். நோபிலியின் வாதத்துக்கு ஒரு விலை இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம். குறி வெறும் குறி என்று சொன்னபோது சாதியும் வெறும் குறியாகி உள்ளே வந்துவிட்டது. தாழ்ந்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்குப் பண்டாரசுவாமிகள் என்று தனிக் குருக்களை வைக்க வேண்டியதாயிற்று. உருவம் அவ்வளவு சுலபமாகக் கழலாது என்று அந்தத் தனிக் குருக்கள் சாட்சி.

வடக்கே, 1580-ல் அக்பர் சபைக்குப் போன சேசுசபையார் கொண்டுபோன அச்சுப்படங்களை முகலாய ஓவியர்கள் ஆசையோடு பார்த்து எழுதினார்கள். தெற்கே நம் கல்தச்சர்களுக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. (மதுரை மகாலை ஒரு இத்தாலியர் வரைந்து கொடுத்தார் என்று வழிகாட்டிகள் சொல்வதை நான் நம்புவதில்லை. நல்லது எதைக் கண்டாலும் ஒரு வெள்ளைக்காரரைத் தேடுவது நமக்கு வழக்கம்.) பாதிப்பு மறுபக்கம்தான் ஓடியிருக்கிறது. தூத்துக்குடிப் பனிமய மாதா சுரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது வழக்கு. ஸ்பானியர்கள் மணிலாவைப் பிடித்ததே 1571-ல்தான் என்பதால் அந்த வருஷத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. எப்படி வந்தாலும், வந்த மாதா தேரேறிவிட்டாள். எங்கள் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டியிலும் பனிமய மாதாதான். அங்கும் திருவிழாவென்றால் சப்பரம்தான். ஐரோப்பாவில் பீடத்துக்கு மேலே அசையாமலிருந்த உருவம் இங்கே உற்சவமூர்த்தியாகிவிட்டது.

நாயக்கர் காலத்து வேலை எல்லாம் நல்ல வேலை என்று நான் சொல்லவில்லை. புதுமண்டபத்திலேயே உயிரில்லாத தூண்கள் உண்டு. காலண்டரிலும் சுற்றுலாப் படங்களிலும் நாம் ஓயாமல் பார்க்கும் கம்பத்தடி மண்டபத்துச் சிவமூர்த்தங்களை நாயக்கர் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தத் தூண்கள் 1870-களில் நகரத்தார் திருப்பணியில் புதிதாக எடுத்தவை. வழவழப்பு அபாரம். மடிப்பு, நகை, நகக்கண் எதிலும் பிசகில்லை. ஆனால் எந்த உடம்பும் எதையும் எதிர்த்து வளையவில்லை. வளைவு ஏற்கனவே தெரிந்த வளைவு. என் நண்பர் ‘வெறும் மேனரிசம்’ என்ற சொல்லை இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நம்முடைய கவிதைகள் மீது இறக்கினாலும் திறக்க மாட்டேன். கடந்த சில வருஷங்களில் வந்த தொகுப்புகளில் வரி உடைகிறது, எழுவாய் மறைகிறது, கடைசி வரியில் ஒரு படிமம் தலைகீழாகிறது. எந்தப் பாரத்துக்கு அந்த உடம்பு இப்படி முறுகியது என்று கேட்டால் பதில் இல்லை. அந்த நண்பரின் கடைசித் தொகுப்புக்கும் இது பொருந்தும். இதை அவரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கம்பத்தடி மண்டபத்துக்கு முன்னாலேயே, ஊர்த்துவ தாண்டவரும் காளியும் எதிரும்புதிருமாக நிற்கிறார்கள். இவை பழைய, நாயக்கர் காலத்து வேலை. ஆட்டத்தில் தோற்ற காளியின் கோபம் தணியட்டும் என்று வெண்ணெய் உருண்டை வாங்கி எறிவார்கள். இப்போது அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதற்கு முன்னால், முகம், மார்பு, கை எல்லாம் அப்பிப்போய், உளி செய்த எதுவும் தெரியாமல் வெள்ளைத் திப்பிகளாக அவர்கள் நிற்பதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். வொல்தேர்ரா துணி வரைந்தது உடம்பை மறைக்க. நம் தூண்களில் அர்ச்சகர் சுற்றும் நாலுமுழத் துண்டும் கல்லில் செதுக்கிய ஆடையின் மேலேயே சுற்றப்படுகிறது; மறைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். கோம்பையிலிருந்து பஸ் மாறி மாறிப் போயிருந்தோம். அம்மா காசு கொடுத்து வாங்கிய உருண்டைகளில் ஒன்றை என் கையில் வைத்து, “மூஞ்சியில படணும்டா, குறிபாத்து எறி” என்றாள். நான் காளியைப் பார்த்துத்தான் எறிந்தேன். கூட்டம் இடித்ததில் கை திரும்பி, எதிரே நின்றவரின் தூக்கிய காலில் போய் ஒட்டிக்கொண்டது. மற்ற எல்லாவற்றையும்விட முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது அந்தக் கால்தான்.